கோடையில் வரும் கிறிஸ்துமஸ்: சிட்னிக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு கடற்கரை விடுமுறை வழிகாட்டி

ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் ஒருநாள் பண்டிகை அன்று. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் பள்ளிகள் மூடும்போது தொடங்கி, ஜனவரி 26-ஆம் தேதி வரும் ஆஸ்திரேலியா தினத்துக்குப் பின், ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ பள்ளிகள் மறுபடி திறக்கும்வரை நீளும் ஒரு பருவம் அது. ஆண்டின் மிக நீண்ட பகல் டிசம்பர் 22-ஐ ஒட்டி வருவதால், சிட்னியில் கிறிஸ்துமஸ் அன்று மாலை எட்டு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஆண்டிறுதிப் பண்டிகை, பள்ளியின் பெருவிடுமுறை, கடற்கரைப் பயணம் ஆகிய மூன்றையும் இந்நாட்டவர் ஒன்றாகவே கொண்டாடிப் பழகியிருக்கிறார்கள். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது என்பதை அறியாமல் டிசம்பர் நடுவில் தங்குமிடம் தேடத் தொடங்கும் குடும்பத்துக்கு, இருப்பதில் விலை அதிகமானதும் கடலுக்குத் தொலைவானதும்தான் மிஞ்சும். சிட்னியிலிருந்து தெற்குக் கடற்கரைக்குக் காரில் செல்லும் குடும்பத்தை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. மற்ற மாநிலங்களில் விதிகள் சற்று வேறுபடும்.

குளிர்காலத்திலேயே இடத்தைப் பிடியுங்கள்

கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் கடற்கரை ஊரில் கேபின் கிடைப்பது, தீபாவளிக்கு முந்தைய இரவு எழும்பூரில் படுக்கை வசதியுடன் டிக்கெட் கிடைப்பதைப் போன்றது. கூடாரத்திலோ கேரவன் வண்டியிலோ கேபினிலோ தங்க இடம் தரும் கேரவன் பார்க்குகள் பலவற்றில், இந்த ஆண்டு தங்கியவருக்கே அடுத்த ஆண்டும் அதே இடத்தை முதலில் கொடுக்கும் வழக்கம் உண்டு. தாத்தா காலத்திலிருந்து ஒரே மரத்தடியில் கூடாரம் அடிக்கும் குடும்பங்கள்கூட இருக்கின்றன. அவர்கள் வேண்டாம் என்று விட்ட இடங்களுக்குத்தான் புதியவர்கள் போட்டியிடுகிறோம் என்பதால், ஜூலை அல்லது ஆகஸ்டில் முன்பதிவு செய்வதே நல்லது.

பதிவு செய்யும்போது சில கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும். நெரிசல் மிகுந்த வாரங்களில் குறைந்தது எத்தனை இரவுகள் தங்கியாக வேண்டும்? ஏழு இரவுகள் என்பது பரவலான நிபந்தனை. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் அடங்குமா? பல இடங்களில் அடங்காது. கைக்குழந்தையும் ஆள்கணக்கில் சேருமா? நம் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வி மிக முக்கியம்: பகலில் பார்க்க வரும் நண்பர்களுக்குக் கட்டணம் உண்டா, எத்தனை பேர் வரலாம்? ஞாயிற்றுக்கிழமை நான்கு கார்களில் நண்பர்கள் பிரியாணிச் சட்டியுடன் வந்து இறங்கினால், வாசலில் பார்க் நிர்வாகியுடன் பேசிச் சமாளிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

எந்த ஊர் என்பதைப் புகைப்படத்தின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஜெர்விஸ் பே பகுதியில் ஹையம்ஸ் கடற்கரையின் வெண்மணல் உலகப்புகழ் பெற்றது. ஆனால் அது குறுகிய தெருக்கள் சிலவற்றைக் கொண்ட சிற்றூர் என்பதால், ஜனவரியில் கார் நிறுத்த இடம் தேடியே ஒரு முற்பகல் கழிந்துவிடும். அதே விரிகுடாவில் ஹஸ்கிஸன், வின்சென்ஷியா ஆகிய ஊர்களில் தங்கினால் கடைகளும் அருகில் இருக்கும், அலையும் பெரும்பாலும் தணிந்தே இருக்கும். கார் இல்லாத குடும்பத்துக்குக் கயாமா பொருத்தமானது. சிட்னியிலிருந்து ரயிலிலேயே போய் இறங்கி, நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்துவிடலாம். பாறைகளுக்கு நடுவே கட்டிய கடல்நீர்க் குளங்களும் அங்கே உண்டு. வடக்கே செல்ல விரும்புபவர்கள் டெரிகல், ஷோல் பே போன்ற ஊர்களைப் பார்க்கலாம். எங்கே சென்றாலும், நடக்கும் தொலைவில் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் கடற்கரை ஒன்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் வருபவர்களுக்கு என் பரிந்துரை ஜனவரியின் கடைசி வாரம். வாடகை இறங்கியிருக்கும், கடைகள் எல்லாம் திறந்திருக்கும். சிட்னிப் பக்கத்துக் கடல்நீர் பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் அதிக வெதுவெதுப்பை அடையும் என்பதால், டிசம்பரில் நடுங்கிக்கொண்டு வெளியேறும் குழந்தைகளும் அப்போது தாக்குப்பிடிப்பார்கள்.

டிசம்பர் பிறந்ததும்

முதலில் வேலையிடத்தில் விடுப்பைப் பற்றிப் பேசுங்கள். பல நிறுவனங்கள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் கதவடைத்து, அந்த நாட்களை ஊழியரின் ஆண்டு விடுப்பிலிருந்து கழித்துக்கொள்கின்றன. சேர்ந்து சில மாதங்களே ஆனவருக்கு அவ்வளவு விடுப்பு சேர்ந்திருக்காது. சம்பளமில்லா விடுப்பா, முன்கூட்டியே தரும் விடுப்பா என்பதை நவம்பரிலேயே தெளிவுபடுத்திக்கொண்டால் சம்பள நாளில் அதிர்ச்சி இருக்காது. குழந்தைகள் காப்பகமும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கும் எந்தெந்த நாட்களில் மூடும் என்று விசாரியுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால், அவர்களுடைய சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ஜனவரி நடுப்பகுதிவரை கையிருப்பில் இருக்க வேண்டும். விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீட்டின் அட்டையும் பயணப்பையில் இருக்க வேண்டும்.

டிசம்பர் முழுவதும் அழைப்புகள் வந்தபடி இருக்கும். அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு ஒருவர் பரிசு தரும் ஏற்பாட்டில், முன்பே குறித்த விலை வரம்பைத் தாண்டிச் செலவழிப்பது தாராளமாகத் தெரியாது, மற்றவர்களைச் சங்கடப்படுத்தும். வீட்டு விருந்துகளுக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொல்வது இங்கே இயல்பு. ஆறினாலும் கெடாத மசால்வடையைப் போல இதற்கு உகந்த பண்டம் வேறில்லை. ஆனால் முந்திரி, நிலக்கடலை, எள் எதைச் சேர்த்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அருகே வைத்துவிடுங்கள். ஒவ்வாமையை இங்கே மிகக் கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அலங்காரத்தைப் பொறுத்தவரை, பண்ணையில் வளர்த்து வெட்டிய பைன் மரத்தை வாங்கினால், தண்ணீர் நிரப்பும் தொட்டியுள்ள தாங்கியையும் சேர்த்து வாங்குங்கள். வெயிலில் அது குடிக்கும் தண்ணீர் வியப்பளிக்கும். ஒருநாள் மறந்தாலும் ஊசியிலைகள் கம்பளத்தில் கொட்டத் தொடங்கிவிடும். இம்மண்ணின் மரத்தையே பார்க்க விரும்பினால், வெண்ணிறப் பூ உதிர்ந்தபின் புல்லி இதழ்கள் டிசம்பரில் செக்கச்செவேல் என்று மாறும் கிறிஸ்துமஸ் புஷ் என்ற செடியைப் பூக்கடைகளில் கேளுங்கள். இலங்கைக் குடும்பங்களில் ரவையும் முந்திரியும் பழவகைகளும் சேர்த்துச் செய்யும் கிறிஸ்துமஸ் கேக்கிற்குப் பழங்களை அக்டோபர், நவம்பரிலேயே ஊறவைத்துவிடுவார்கள். இங்குள்ள வெப்பத்தில் அதன் மேற்பூச்சு வியர்த்துக் கசியும் என்பதால், குளிர்ந்த அறையில் வைப்பது நல்லது.

விருந்துக்கான கொள்முதல்

கிறிஸ்துமஸ் அன்று சூப்பர் மார்க்கெட்டுகள் திறக்காது. 24-ஆம் தேதியே பல கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். 26-ஆம் தேதி பெரிய கடைத்தெருக்களில் தள்ளுபடி விற்பனைக்குக் கூட்டம் அலைமோதும் என்றாலும், சிற்றூர்களில் நிலைமை வேறு. ஆகவே பால், அரிசி, குழந்தையின் டயப்பர், பார்பிக்யூவுக்கான எரிவாயு உருளை, ஐஸ் மூட்டை ஆகிய எல்லாமே 23-ஆம் தேதிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

நண்பகலில் வெப்பம் 35 பாகையைத் தொடக்கூடிய நாளில் அடுப்பை நான்கு மணி நேரம் எரியவிட யாரும் விரும்புவதில்லை. எனவே இங்குள்ள கிறிஸ்துமஸ் விருந்து பெரும்பாலும் குளிர்ந்த விருந்தாகவே மாறிவிட்டது: வேகவைத்துக் குளிரூட்டிய இறால், சிப்பி, ஹாம் எனப்படும் பதப்படுத்திய பன்றித்தொடை, சாலட், பிறகு பாவ்லோவா என்ற இனிப்பு, மாம்பழம், செர்ரி. சிட்னி மீன் சந்தை ஆண்டுதோறும் டிசம்பர் 23 அதிகாலையிலிருந்து 24 மாலைவரை 36 மணி நேரம் தொடர்ச்சியாகத் திறந்திருக்கும். நள்ளிரவில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறால் வாங்க வரிசையில் நிற்பவர்களை அங்கே பார்க்கலாம்.

இறாலில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடிப் பெட்டியில் செம்மஞ்சளாக மின்னுபவை ஏற்கெனவே உப்புநீரில் வேகவைத்தவை. அவற்றை வாங்கிவந்து தொக்கு செய்தால் ரப்பர்போல இறுகிவிடும். தொக்குக்கும் வறுவலுக்கும் பச்சை இறால் என்று கேட்டு, சாம்பல் நிறத்தில் இருப்பதை வாங்க வேண்டும். வெந்த இறாலை அப்படியே மேசையில் வைத்து, அவரவரே தலையைத் திருகி, கால்பக்கமாக ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துவிட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்பதுதான் இங்குள்ள முறை. ஓட்டோடு வாங்கினால் ஆளுக்கு அரைக் கிலோ தாராளம். உரித்த ஓடுகளைக் குப்பைத்தொட்டியில் உடனே போடாதீர்கள். கோடை வெயிலில் மறுநாளே தெரு முழுவதும் நாறும். ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் வைத்திருந்து, குப்பை வண்டி வரும் நாளுக்கு முந்தைய இரவு வெளியே எடுத்துப் போடுவது இந்நாட்டு இல்லத்தரசர்கள் எல்லோரும் அறிந்த தந்திரம்.

முழு ஹாம் வாங்குபவர்கள், வினிகர் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணிப்பைக்குள் அதை வைத்துக் குளிர்பெட்டியில் பாதுகாப்பார்கள். துணியைச் சில நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் அலசி நனைக்க வேண்டும். பாவ்லோவா என்பது முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்துச் சுட்ட மெரிங் மேல் க்ரீமும் பழமும் வைத்த இனிப்பு. அடித்தட்டைக் கடையில் வாங்கி, பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் க்ரீம் பூச வேண்டும், இல்லாவிட்டால் கூழாகிவிடும். முட்டை சாப்பிடாத விருந்தினருக்கு வேறு இனிப்பு வையுங்கள். பந்தியில் நியூசிலாந்துக்காரர் யாராவது இருந்தால், அதை எந்த நாட்டவர் முதலில் செய்தார்கள் என்ற பேச்சை எடுக்காமல் இருப்பது குடும்ப அமைதிக்கு நல்லது. மாம்பழத்தை ஒன்றிரண்டாக வாங்காமல் பெட்டியாக வாங்குங்கள். குவீன்ஸ்லாந்திலிருந்து வரும் கென்சிங்டன் பிரைடு வகையின் மணத்தில், ஊர் நினைவுக்கு வராத தமிழர் இருக்க மாட்டார்.

மிஞ்சிய உணவுக்கு இங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தது மீண்டும் குளிர்பெட்டிக்குப் போகலாம். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம்வரை இருந்ததை உடனே சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான்கைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். சோற்றுக்கும் இதே விதிதான் என்பதை நம் வீடுகளில் எளிதில் மறந்துவிடுகிறோம்.

சாலையில்

24-ஆம் தேதி பிற்பகலிலும் 26, 27 ஆகிய நாட்களின் முற்பகலிலும் தெற்கு நோக்கிய நெடுஞ்சாலை நத்தைபோல் நகரும். விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை இரட்டைக் குற்றப்புள்ளி முறையை நடைமுறைப்படுத்துகிறது: வேகம், சீட் பெல்ட், கைபேசி தொடர்பான குற்றங்களுக்கு ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் வழக்கமான குற்றப்புள்ளிகள் இருமடங்காகும். கைபேசி பயன்படுத்துபவரைப் படம்பிடிக்கும் கேமராக்கள், 2024 ஜூலையிலிருந்து சீட் பெல்ட் அணியாதவரையும் பதிவு செய்கின்றன. பின்னிருக்கையில் பாட்டி பெல்ட்டைக் கழற்றிவைத்துச் சாய்ந்துகொள்வது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயதுக்கேற்ற, அங்கீகரிக்கப்பட்ட இருக்கை கட்டாயம். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தை பின்னோக்கிய இருக்கையில்தான் பயணிக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்துங்கள். விடுமுறைக் காலத்தில் நெடுஞ்சாலை ஓரங்களில் தன்னார்வலர்கள் ஓட்டுநர்களுக்கு இலவசமாகத் தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். பலருக்கு முதல் நிறுத்தம் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலாக அமைந்துவிடுகிறது. அங்குள்ள உணவகத்தை நம்பிப் புறப்படுவதானால், அது திறந்திருக்கும் நாளா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துச் செல்வதற்குப் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும்தான் சிறந்தவை. தயிர்சாதம் எடுப்பதானால், எஸ்கி எனப்படும் குளிர்காப்புப் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வையுங்கள். நிறுத்திய காரில், ஐந்து நிமிடம் என்றாலும், குழந்தையை விட்டுச் செல்லாதீர்கள்.

கடலில் இறங்கும் முன்

இப்பகுதியைக் குடும்பத்தில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மெரினாவிலோ திருச்செந்தூரிலோ காங்கேசன்துறையிலோ கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் புதிதன்று. ஆனால் நம்மில் பலர் கடலுக்குள் போய்ப் பழகியவர்கள் அல்லர். முழங்கால் நனைய நின்று, அலை வந்ததும் பின்வாங்கி, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பியவர்கள். இங்கே கடற்கரைக்கு வருபவர்கள் நீந்துவதற்காகவே வருகிறார்கள். நான்கு வயதிலிருந்து நீச்சல் கற்ற குழந்தைகள் பலகையோடு அலைக்குள் பாய்வதைப் பார்த்து, நீச்சல் அறியாத நம் குழந்தையும் பின்னாலேயே ஓடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதல் விதி, சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குவது. அந்தக் கொடிகளை உயிர்காப்பாளர்கள் அன்றைய நீரோட்டத்தைப் பார்த்து நடுகிறார்கள். நீர்நிலை மாறினால் பகலிலேயே இடம் மாற்றுவார்கள். காலையில் இருந்த இடத்தில்தான் பிற்பகலிலும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். கொடி இல்லையென்றால் இறங்குவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். எந்தக் கடற்கரையில், எந்த நேரத்தில் காவல் உண்டு என்பதை பீச்ஸேஃப் செயலியில் பார்க்கலாம். வாரயிறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் சிவப்பு-மஞ்சள் சீருடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். அவர்களிடம் சென்று, "எங்களுக்கு நீந்தத் தெரியாது, குழந்தைகளோடு எங்கே நிற்கலாம்?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தக் கேள்வியைத்தான் அவர்களும் விரும்புகிறார்கள்.

இரண்டாவதாக, ரிப் எனப்படும் இழுப்பு நீரோட்டத்தைக் கண்ணால் அடையாளம் காணப் பழகுங்கள். கரைக்கு வந்த அலைநீர் கடலுக்குத் திரும்பிப்போக ஒரு வாய்க்காலைத் தேடிக்கொள்கிறது. அந்த வாய்க்கால்தான் ரிப். மணல்மேட்டில் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலையே பாருங்கள். இருபுறமும் வெண்ணுரையோடு அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, அலையின்றி, சாந்தமாகத் தெரியும். சில நேரம் கலங்கிய மணலும் நுரையும் அதன் வழியே கடலை நோக்கி நகரும். அலைக்கு அஞ்சுபவர்கள் குழந்தைகளோடு இறங்கத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்தச் சாந்தமான இடத்தைத்தான். ஆழம் அங்கேதான், இழுப்பும் அங்கேதான்.

இழுப்பில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். வலுவான நீச்சல்காரரும் களைத்துவிடுவார். ரிப் உங்களைக் கீழே இழுத்து அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். எனவே மிதந்தபடி மூச்சைச் சீராக்கி, ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்த முடிந்தால், கரைக்கு இணையாக, அலை உடையும் வெண்ணுரைப் பக்கமாக நகருங்கள். வேறொருவர் தத்தளிப்பதைக் கண்டால் வெறுங்கையோடு பாயக் கூடாது. காப்பாற்றப் போன தந்தையோ மாமாவோ மூழ்கும் செய்திகள் இந்நாட்டில் கோடைதோறும் வருகின்றன. உயிர்காப்பாளரைக் கூவி அழையுங்கள், அவசர உதவிக்கான 000 எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள், மிதக்கக்கூடிய எதையாவது, காலியான எஸ்கிப் பெட்டியையாவது, அவரை நோக்கி வீசுங்கள்.

நீந்தத் தெரியும் என்ற தைரியம் மட்டும் போதாது என்பதற்கு இந்நாட்டின் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. பிரதமராகப் பதவியில் இருந்த ஹெரால்டு ஹோல்ட், கடலில் நீந்திப் பழகியவர்; 1967 டிசம்பர் 17-ஆம் தேதி விக்டோரியாவின் செவியட் கடற்கரையில் இறங்கியவர் திரும்பவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. 1938 பிப்ரவரி 6-ஆம் தேதி சிட்னியின் பாண்டை கடற்கரையில் மணல்திட்டில் நின்றவர்களை அடுத்தடுத்து வந்த பேரலைகள் வாரிச் சென்றபோது, இருநூறுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் தத்தளித்தனர், ஐவர் இறந்தனர். அன்று கரையில் உயிர்காப்பாளர்கள் பெருந்திரளாக இருந்ததால்தான் சாவு அதோடு நின்றது.

குழந்தைகளைப் பொறுத்தவரை, கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெரியவர் எப்போதும் இருக்க வேண்டும். பத்துப் பெரியவர்கள் சூழ்ந்து உட்கார்ந்திருக்கும்போதுதான், வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று முறைவைத்து, அந்த நேரத்தில் அவர் கைபேசியைத் தொடாமல் தண்ணீரோரம் நிற்கட்டும். சேலை, சுடிதார், ஜீன்ஸ் அணிந்து தண்ணீரில் இறங்குவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நனைந்த துணி காலைச் சுற்றி, எழவிடாமல் செய்யும். உடலை மூடிக்கொள்ள விரும்பும் பெண்களுக்கு முழுக்கை நீச்சல் மேலாடையும் கணுக்கால்வரையிலான நீச்சல் கால்சட்டையும் எல்லா விளையாட்டுக் கடைகளிலும் கிடைக்கின்றன. வெயிலுக்காக உள்ளூர்ப் பெண்களே அவற்றை அணிவதால், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

முதல் இரண்டு நாட்களைக் கடல்நீர்க் குளத்திலோ ஜெர்விஸ் பே போன்ற விரிகுடாவின் தணிந்த நீரிலோ கழிப்பது நல்ல தொடக்கம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் அமைதியாகத் தோன்றினாலும், ஓதம் வடியும்போது இழுப்பு கடுமையாகும் என்பதால் அது வேண்டாம். பாறைத்திட்டுகளில் நின்று படம் எடுப்பதும் மீன்பிடிப்பதும் இன்னொரு பெரிய ஆபத்து. கயாமாவில் பாறைத் துளை வழியாகக் கடல்நீர் பீறிட்டு எழுவதை வேலிக்கு இப்பாலிருந்தே பார்க்க வேண்டும். தூண்டில் போட விரும்புபவருக்கு நியூ சவுத் வேல்ஸில் உரிமச் சீட்டு வேண்டும். பாறையில் நிற்பதானால் லைஃப் ஜாக்கெட்டும் வேண்டும்.

வெயில்

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையை விமான நிலையத்திலேயே விட்டுவிடலாம். நம் தோலுக்கு இயற்கைப் பாதுகாப்பு ஓரளவு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் சிட்னியின் கோடையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம், 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்கிறார்கள். மேகமூட்டமும் கடற்காற்றின் குளிர்ச்சியும் இருக்கும்போதும் இது அதிகமாகவே இருக்கலாம். வெப்பம் வேறு, புற ஊதா வேறு. 1981-இல் ஒரு கடற்புறா கார்ட்டூனை வைத்துத் தொடங்கிய புற்றுநோய்த் தடுப்புப் பிரசாரத்தைப் பாடிக்கொண்டே இங்குள்ள குழந்தைகள் வளர்கிறார்கள்: சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி வை. நிழலும் கறுப்புக் கண்ணாடியும் பின்னர் சேர்ந்தன.

சன்ஸ்கிரீனில் 50+ என்று குறிப்பிட்டதை வாங்கி, வெளியே செல்வதற்கு இருபது நிமிடம் முன்பே பூசுங்கள். ஒரு கைக்கு ஒரு தேக்கரண்டி, ஒரு காலுக்கு ஒரு தேக்கரண்டி, முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒன்று, மார்புக்கும் முதுகுக்கும் ஒவ்வொன்று என்பது பெரியவர்களுக்கான அளவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்து துடைத்ததும் மறுபடியும் பூச வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும்தான் பாதுகாப்பு. என்னைக் கேட்டால், காலை பத்து மணிக்குள் ஒருமுறை, மாலை நான்குக்குப் பிறகு ஒருமுறை கடலுக்குப் போய், நடுப்பகலில் கேபினில் படுத்துத் தூங்குவேன். எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும் நாட்டில் அவசரப்பட என்ன இருக்கிறது?

கொட்டுபவையும் புகைபவையும்

வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் புளூபாட்டில் எனும் நீலநிறக் கடலுயிரிகள் கரை ஒதுங்கும். கொட்டினால் இழைகளை அகற்றி, கடல்நீரால் அலசி, தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை, வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி தணியும். வினிகர் ஊற்றுவது வட குவீன்ஸ்லாந்தின் கொடிய பெட்டி ஜெல்லிமீனுக்கான சிகிச்சை. இங்கே அது வேண்டாம். பாறைக்குட்டைகளில் சிப்பிகளையும் சிறு கணவாய் போன்ற உயிரினங்களையும் குழந்தைகள் கையில் எடுக்கக் கூடாது. நீலவளைய ஆக்டோபஸ் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் அதன் நஞ்சு ஆளையே கொல்லும்.

கடற்கரைப் பூங்காக்களில் பொத்தானை அழுத்தினால் சூடாகும் மின்சார பார்பிக்யூக்கள் பொதுப் பயன்பாட்டுக்கு இருக்கும். முன்னால் சமைத்தவர் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ வாட்டியிருப்பார் என்பதால், சைவர்கள் தடித்த அலுமினியத் தாளை விரித்து அதன்மேல் பனீரும் சோளமும் வாட்டிக்கொள்வார்கள். முடிந்ததும் துடைத்துவிட்டு நகர்வது மரியாதை. கேபினுக்குள் மிளகாய் தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அதைத் துணியால் மூடாமல், சன்னலைத் திறந்துவைத்துத் தாளியுங்கள். கண்ணாடிப் பாட்டில்களை மணலுக்குக் கொண்டுபோக வேண்டாம். பெரும்பாலான கடற்கரைகளில் மதுவுக்கும் தடை உண்டு.

காட்டுத்தீ

தெற்குக் கடற்கரையில் பல ஊர்களுக்கு உள்ளே செல்லவும் வெளியேறவும் காடு வழியாக ஒரே சாலைதான். 2019 டிசம்பர் 31 அன்று கான்ஜோலா ஏரிக்கரை ஊரில் தீ புகுந்தபோது மக்கள் ஏரித் தண்ணீரில் நின்று தப்பினார்கள். அதே நாளில் விக்டோரியாவின் மல்லக்கூட்டாவில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் கடற்கரையில் ஒண்டினார்கள். அவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரைப் பின்னர் கடற்படைக் கப்பல் ஏற்றிச் சென்றது. எல்லா ஆண்டும் அப்படி இருக்காது. ஆயினும் கைபேசியில் ஹசார்ட்ஸ் நியர் மீ செயலியை ஏற்றி, தங்கும் ஊரைக் குறித்துவைத்துவிடுங்கள். தீ அபாயம் மிதம், அதிகம், தீவிரம், பேரழிவு என்று நான்கு படிகளாக அறிவிக்கப்படும். கடைசிப் படி அறிவிக்கப்பட்ட நாளில் காட்டுப்புற ஊரில் தங்காமல், முந்தைய மாலையே கிளம்பிவிடுவதுதான் அறிவுடைமை. காரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். கடவுச்சீட்டும் விசா ஆவணங்களும் ஒரே பையில் இருக்கட்டும். மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் செயலிழந்தால் ஏபிசி என்ற பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் உள்ளூர் வானொலிதான் கைகொடுக்கும் என்பதால், கார் வானொலியில் அதன் அலைவரிசையைச் சேமித்துவையுங்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் கரி, விறகு அடுப்புகளைப் பற்றவைப்பது குற்றம்.

திரும்பும்போது

பெரும்பாலான கேபின்களைக் காலை பத்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். மணலை வெளியிலுள்ள குழாயடியிலேயே கழுவிவிட்டு உள்ளே வந்தால், துப்புரவுக்கென்று கூடுதலாகக் கேட்க மாட்டார்கள். ஞாயிறு பிற்பகலில் சிட்னி திரும்பும் சாலை நிரம்பி வழியும் என்பதால், திங்கள் அல்லது செவ்வாய் காலையில் முடியுமாறு பதிவு செய்திருந்தால் பயணம் எளிது.

ஜனவரியிலேயே, கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றங்களின் நீச்சல் குளங்கள் பலவற்றில் குழந்தைகளுக்குத் தினமும் நடக்கும் தொடர் வகுப்புகள் உண்டு. இடங்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே நிரம்பிவிடும் என்பதால், கடற்கரைக்குக் கிளம்பும் முன்பே பெயர் கொடுத்துவையுங்கள். அதே குளங்களில் பெரியவர்களுக்கும் தொடக்கநிலை வகுப்புகள் நடக்கின்றன, பெண்களுக்கு மட்டுமான நேரம் ஒதுக்கும் குளங்களும் சில இருக்கின்றன. குழந்தையின் பெயரை எழுதும்போதே அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.